மழைப்பாறை நிறத்தில் மஞ்சள் பொட்டு

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு உல்லன் நூல் வியாபாரம் செய்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் வானத்தைப் பார்ப்பார். சித்திரை மாதமாக இருந்தால் தன் சட்டைக் காலரையும் ஒருமுறை தூக்கிவிட்டு ஊதிக்கொள்வார். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் என்பது, மார்கழியில் கைக்குழந்தைக்குக் குல்லாயோடு மாட்டிவிட்டு, அது வேர்த்து அழுத பிறகு கழற்றி வைக்கிற சாமான். அவ்வளவுதான்.

நான் விற்பது செஞ்சிக்காரர்களுக்கு இல்லை, குளிரடிக்கிற ஊர்க்காரர்களுக்கு என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் வந்து இறங்குகிற நெல்லையெல்லாம் செஞ்சிக்காரனேவா தின்று தீர்க்கிறான்? லாரி ஏறி எங்கெங்கேயோ போகிறதல்லவா? நூலுக்கு மட்டும் என்ன கேடு? இப்படி ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டுவிட்டேன். பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டார்.

தொழில் இதுதான். வடக்கேயிருந்து சாயம் போடாத வெள்ளை உல்லன் நூல், வளையமாகச் சுற்றிக் கட்டிய சிட்டம் சிட்டமாக வரும். நான் அதற்குக் கையால் சாயம் போட்டு, பெரிய மில்காரர்களிடம் கிடைக்காத நிறமாக ஆக்கி, நிறத்துக்கு ஒரு பெயரும் வைத்து அனுப்புவேன். ஊசியை எடுத்துச் சொந்தக் கையால் சால்வையும் குல்லாயும் பின்னுகிறவர்கள் அந்த நிறத்துக்காகத் தேடி வந்து வாங்குவார்கள். வாங்குவார்கள் என்று இப்போது சுலபமாகச் சொல்கிறேன். அப்போது யாரும் வாங்கவில்லை.

அதற்கு முன்னால் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாய லேபில் இருந்தேன். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற துண்டுத் துணியைப் பார்த்து, அதே நிறத்தைக் குட்டிக் குட்டி பாட்டிலில் கலக்கிக் காட்ட வேண்டும். எனக்குக் கண் நல்ல கண். வாய்தான் சரியில்லை. ஒருநாள் மேனேஜர், பொம்பளைங்க கண்ணுக்கு எல்லாமே ரோஸ் கலராகத்தான் தெரியும் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். நான் கையிலிருந்த ஊதா சாம்பிளை அவர் மேஜைமேல் வைத்தேன். வைத்தேன் என்றே இருக்கட்டும். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை வேறு கதை சொல்லும். அன்று சாயங்காலமே செஞ்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை ஒன்று தகரம் போட்டுக் காலியாகக் கிடந்தது. மாடுகளை விற்று ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதில்தான் தொழில் ஆரம்பிக்கப் போகிறேன் என்று நைனாவிடம் சொன்னேன். நைனா, அதாவது என் அப்பா, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே ஆயுளைக் கழித்தவர். வீட்டில் யார் வாசல்படியில் நின்றாலும் உள்ள போ, உள்ள போ என்பார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, இது வெளங்காது என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அந்தக் கொட்டகையின்மேல் பஜாரிலிருந்த உரக்கடைக்காரருக்கு ஒரு கண். மூட்டை அடுக்க வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நைனா எனக்குக் கெடு வைத்தார். தை பிறக்கிறதுக்குள் விடாமல் சரக்கெடுக்கிற ஒரு நிரந்தரப் பார்ட்டி பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகை உரக்கடைக்கு, நான் திரும்பத் திருப்பூருக்கு. அந்த மேனேஜர் முகத்தில் திரும்ப விழிப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

முதலில் சாயம் காய்ச்சப் பாத்திரம் இல்லை. சாமியானா கடையில் பிரியாணி அண்டாவை வாடகைக்கு எடுத்தேன். வாசலில் அண்டா வந்து இறங்கியதும் தெருவே விசாரித்தது, என்ன விசேஷம் என்று. என் நிச்சயதார்த்தம் என்று ரெண்டு வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். அண்டாவைத் திருப்பிக் கொடுத்தபோது உள்பக்கம் லேசாக ரோஜா நிறம் ஏறியிருந்தது. யாரோ வீட்டு வளைகாப்பில் தயிர் சாதம் ரோஜா நிறத்தில் பரிமாறப்பட்டதாகக் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சுத்தப் பொய். அந்த அண்டா அதற்குப் பிறகு எந்தச் சமையல் அடுப்பிலும் ஏறவில்லை, ஏனென்றால் அதை அவர் என் தலையிலேயே கட்டிவிட்டார்.

அடுத்த சண்டை வெயிலோடு. சாயம் போட்ட நூல் நேர் வெயிலில் காய்ந்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். செஞ்சியில் நிழலுக்கு எங்கே போவது? சுற்றி மலை முழுக்கப் பாறை, பாறை முழுக்கச் சூடு. மாடியில் அம்மாவின் பழைய புடவைகளையெல்லாம் கட்டிப் பந்தல் போட்டு, அதற்குக் கீழேதான் சிட்டங்களைத் தொங்கவிட்டேன். பந்தலில் ஓட்டை விழுந்தால் போதும், அன்றைக்கு யாரும் என் பக்கத்தில் வர முடியாது. வெயில் எனக்குச் சக்களத்தியாக இருந்தது.

பல இடத்துக்கு சாம்பிள் அனுப்பியதில் பதில் போட்டது குன்னூரில் உல்லன் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா மட்டும்தான். வயசானவர். போனில் பேசினால் வகுப்பில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பது போலவே இருக்கும். நான் அனுப்பிய சிவப்பில் ஆரஞ்சு அடிக்கிறது என்றார். பச்சையில் உயிரில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எதிரே ராஜகிரி நனைந்து நின்றது. கறுப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல் அடியில் கொஞ்சம் பச்சை ஓடுகிற ஒரு சாம்பல். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான், அன்றைக்குத்தான் அதைச் சாயமாகப் பார்த்தேன்.

அந்தச் சாம்பலைப் பிடிக்க எத்தனை அண்டா கொட்டினேன் என்று கேட்காதீர்கள். கடைசியில் பிடித்தேன். மழைப்பாறை என்று பெயர் வைத்தேன். நைனா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பாறைக்கு இன்னா கலரு, பாறைக் கலருதான் என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் சாம்பிள் கைக்குப் போனதும் குன்னூரம்மாவே போன் செய்தார். எடுத்ததுமே ஒரு பெரிய ஆர்டர் சொன்னார். அவரிடம் பின்னல் பழகுகிற பெண்களெல்லாம் கிறிஸ்துமஸுக்குள் அதில் சால்வை பின்ன வேண்டுமாம். எல்லாச் சிட்டமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், ஒரு புள்ளி, ஒரு திட்டு இருக்கக் கூடாது, சரியாக வந்தால் வருஷம் முழுக்க உன்னிடமே எடுக்கிறேன், வராவிட்டால் இனிமேல் போன் செய்யாதே என்றார். கார்த்திகை பிறந்திருந்தது. தைக்குள் எனக்குக் கிடைக்கப் போகிற ஒரே பார்ட்டி இதுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர்தான் எனக்கு வேலைக்குத் துணை. காய்ந்த சிட்டத்தைப் பின்னல் சடை மாதிரி முறுக்கி வைப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஆர்டரை முடித்தோம். கொட்டகைத் தட்டுகளில் மழைப்பாறை வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கே கர்வமாக இருந்தது. மறுநாள் பெட்டி வாங்கத் திண்டிவனம் போனேன். லாரி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. அட்டைப்பெட்டிகளைத் தார்ப்பாயில் சுற்றி, பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டு ஏற்றி, பெட்டி நனையாமல் நான் மட்டும் நனைந்து வீடு வந்து சேர்ந்தேன்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் வாசனைதான் அடித்தது. பூஜை அறை வாசனை. லைட்டைப் போட்டேன். ஒவ்வொரு சிட்டத்தின் நட்டநடுவிலும், புதுத்துணியின் ஓரத்தில் வைப்பது போல, ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் பொட்டு. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும். குழைத்த மஞ்சள் நன்றாக ஊறி இறங்கியிருந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பிரித்தால் அந்த ஒரு பொட்டு நூல் நெடுகப் பல புள்ளியாகச் சிதறியது. பின்னினால் சால்வை முழுக்க அம்மை போட்டது போல இருக்கும்.

நான் ஒரு கத்துக் கத்தினேன். அடுத்த தெருவிலிருந்து அக்கா குடையில்லாமல் ஓடி வந்தார்.

அவரைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். அவர் தட்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "நான் வெச்சிருந்தா குங்குமமும் வெச்சிருப்பேன். அரகொறையா வுட்டுட்டுப் போவமாட்டேன்." அதில் நியாயம் இருந்தது. அடுத்து அம்மாவிடம் போனேன். அம்மா அடுக்களையில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்து, இப்போதுதான் அரைத்து வந்த மஞ்சள்தூள் மொத்தமும் போச்சே, சாம்பாருக்கு என்ன செய்வேன் என்று தன் பங்குக்கு ஆரம்பித்தார். நைனா நடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை கூச்சலிலும் என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் ஒரு சிட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கசக்கினேன். மஞ்சள் பொட்டு என் கண் முன்னாலேயே ரத்தச் சிவப்பாக மாறியது. "சோப்பு போட்டா மஞ்ச செவக்கும்னு பச்சப் புள்ளைக்குத் தெரியும். நீ சாய லேபுல இன்னாதான் செஞ்ச?" என்றார் அம்மா. எலுமிச்சை உப்புக் கரைத்த தண்ணீரில் முக்கியதும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

இதற்கு மருந்து ஒன்றுதான், அதுவும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. மஞ்சள் கறையை ஈரத்தோடு நல்ல வெயிலில் போட்டால் கறை தானாகப் பறந்துவிடும். என் சாம்பல் கெட்டிச் சாயம், ஒருநாள் வெயிலைத் தாங்கும், அதற்குமேல் என்றால் அதுவும் வெளுக்கும். ஆக எனக்குத் தேவை ஒரே ஒரு நாள் செஞ்சி வெயில். வருஷம் முழுக்க யாரைத் திட்டினேனோ அவர் காலிலேயே போய் விழ வேண்டிய நிலைமை. அவரோ ஊரில் இல்லை. வங்கக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். விடாத தூறல்.

ஊரில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஏரிக்குத் தண்ணீர் வருகிறது, கிணறு ஏறியிருக்கிறது என்று. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கும்போது, இந்தச் சனியன் பிடித்த மழை எப்போது விடும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அனந்தபுரத்து விவசாயி ஒருவர், நீயெல்லாம் சோறு தின்னுறியா வேற எதாச்சும் தின்னுறியா என்று கேட்டார். உல்லன் நூல் காய வேண்டும் என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் கடைக்காரரைப் பார்த்துத் தன் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டினார்.

மறுநாளும் மழை. நைனா மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ராஜகிரி உச்சி மேகத்திலிருந்து வெளியே தெரிந்தால் வானம் வெளுக்கும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. பஸ் எந்த ஸ்டாப்பில் வருகிறது என்று சொல்வது போல அவர் வந்து வந்து சொல்வார், பாதி மலை தெரியுது, இதோ வந்துரும் என்று. விளங்காது என்று சொன்ன மனுஷனுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நகக்கண் முழுக்கச் சிவப்பு. வேட்டி ஓரத்திலும் விரல் துடைத்த சிவப்பு. மஞ்சள் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் மட்டும் வருகிற சிவப்பு. அதைக் கண்டுபிடிக்க எந்த லேபும் வேண்டாம்.

"நைனா, மஞ்ச வெச்சது நீங்களா?"

அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புதுத்துணிக்கு மஞ்ச வெக்காம யாராச்சும் வெளிய அனுப்புவாங்களா? அதான் நீ திண்டிவனம் போனப்ப வெச்சன்."

"அது துணியா? நூலு."

"துணி ஆவப்போற நூலுதான?"

"வெளங்காது, வெளங்காதுன்னு நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க?"

"சொன்னன். வெளங்கக் கூடாதுன்னா சொன்னன்?"

அம்மா அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபமா பாசமா என்று கேட்டால், ரெண்டும்தான். அந்த மனுஷன் குனிந்து நின்று, தட்டுத் தட்டாக, ஒன்றையும் விடாமல் விரலால் தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறார். இடுப்பு வலிக்காரர். அவரைத் திட்ட வாயைத் திறந்தேன், இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா என்று கேட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அடக்கிய ஒரே கோபம் அது.

அடுத்த நாள் காலையில் நைனாவின் விசில் சத்தத்தில்தான் எழுந்தேன். ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்குக் கொண்டுவந்த அதே விசில். ஓடிப்போய்ப் பார்த்தால் ராஜகிரி உச்சி வரைக்கும் பளிச்சென்று நிற்கிறது. மழை கழுவிவிட்ட வானம், கண் கூசுகிற வெயில். அம்மாவும் அக்காவும் நானும் பந்தல் புடவைகளைப் பிடுங்கி எறிந்தோம். சடைகளையெல்லாம் அவிழ்த்து, எலுமிச்சைத் தண்ணீரில் முக்கி, மாடி முழுக்க விரித்தோம். நைனா கம்பு வைத்துக்கொண்டு காக்கை ஓட்டினார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ரைட் என்று ஒரு குரல் வரும், நாங்கள் எல்லாச் சிட்டத்தையும் திருப்பிப் போட வேண்டும். ஒரு பக்கமே வெயில் பட்டால் சாம்பல் வெளுக்குமே என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாயங்காலம் மஞ்சள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மழைப்பாறை மட்டும் இருந்தது.

முறுக்கி அடுக்கிப் பெட்டி கட்டும் வேலையில் நைனாவும் உட்கார்ந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? மறுநாள் லாரி போனது.

அதற்குப் பிறகு குன்னூரிலிருந்து சத்தமே இல்லை. போன் அடித்தால் நான் எடுக்க மாட்டேன், அடிக்காவிட்டால் அடிக்கவில்லையே என்று அம்மாவிடம் எரிந்து விழுவேன். உரக்கடை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். திருப்பூர் பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் ஒருநாள் அந்த அம்மாவின் போன் வந்தது.

"ஒரு சிட்டத்துல மஞ்சள் இருக்கு" என்றார்.

எல்லாவற்றையும் நானே எண்ணி வெயிலில் விரித்தேனே என்று நினைத்தபடி திரும்பினேன். நைனா நடையில் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பொட்டு வைத்த ஒன்றை அவர் ஒளித்து வைத்து, எண்ணிக்கை குறையாமலிருக்கப் பழைய சாம்பிள் ஒன்றை அதற்குப் பதிலாக விரித்து, பெட்டி கட்டும்போது இரண்டையும் மாற்றியிருக்கிறார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த விஷயம். நான், அது எங்கள் பக்கத்து வழக்கம், புதுத்துணிக்கு வைப்பது, தெரியாமல் நடந்துவிட்டது, அந்தச் சிட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று உளறினேன்.

"வழக்கம் எனக்குத் தெரியாதாம்மா? நான் பொறந்தது திருக்கோவிலூர்" என்றார் அவர். "மத்ததுக்கெல்லாம் ஏன் வைக்கல?"

மாடி முழுக்க நாங்கள் காய்ந்து கருகியதைச் சொல்லவா? அவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல், அந்த ஒன்றை விற்கப் போவதில்லை, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், மீதியெல்லாம் சுத்தமாக இருக்கிறது, மாசிக்கு வேண்டியதை இப்போதே எழுதிக்கொள் என்றார்.

போனை வைத்ததும் நைனா முன்னால் போய் நின்றேன். நிரந்தரப் பார்ட்டி பிடித்தாயிற்று, கொட்டகை கிடையாது என்று உரக்கடைக்காரரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "அவன்கிட்ட இன்னாத்த சொல்றது? அவன் ஆடி மாசமே அனந்தபுரத்துல எடம் புடிச்சிட்டானே. நான்தான் இங்க கொட்டக இல்லன்னு அனுப்பிட்டன்."

ஆடியிலிருந்து அன்றைக்கு வரை நான் பட்ட டென்ஷன், கனவில் வந்த மேனேஜர், சுற்றிக்கொண்டு போன தெரு எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தது. அடக்கிவைத்த கோபத்தையும் சேர்த்து அன்றைக்குக் கொட்டித் தீர்த்தேன். நைனா முழுக்கக் கேட்டார். முடித்ததும் ரைட் என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்போது தொழில் நன்றாகவே நடக்கிறது. நிழலுக்குச் சொந்தமாக ஷெட் போட்டுவிட்டேன், அண்டா நாலைந்து இருக்கின்றன. பெட்டி வாங்கத் திண்டிவனம் போகிற நாளில் மட்டும், சரக்கு மொத்தத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். ஒரே ஒரு சிட்டத்தை வெளியே நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போகிறேன். பக்கத்தில் மஞ்சள்தூள் டப்பாவும் இருக்கும்.